வழக்கறிஞர் கதை எழுத வந்தால்: மனு நடையை உடைப்பது, ரகசியம் காப்பது, பாட்காஸ்டாகக் கொண்டுபோவது

நிழற்சாலை:

சிவில் பக்கம் நெடுங்காலம் வழக்காடியவர்கள் ஐம்பதைத் தாண்டிப் புனைகதைக்கு வருவது இப்போது அடிக்கடி நடக்கிறது. எழுதியதைத் தாங்களே வாசித்து பாட்காஸ்ட் தொடராக வெளியிட விரும்புகிறவர்களும் உண்டு. அப்படி வருகிறவர்களுக்கு உதவும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். தொழிலை விடாமல், வாரத்தில் பாதி நாள் கோர்ட் இருக்கும் நிலையை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

கேட்க விரும்புவது இவை. கட்சிக்காரர்களிடம் (நம்மிடம் வழக்கை ஒப்படைத்தவர்களிடம்) கேட்டறிந்ததில் எவ்வளவு தொடலாம்? மனுவும் பிராதும் (வழக்குத் தொடுக்கும் முதல் மனு) எழுதிப் பழகிய கையை எப்படிக் கதைக்குத் திருப்புவது? ஒலிப்பதிவுக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? முதலில் எழுத்தா, ஒலியா? "மனம் போல் எழுதுங்கள்" என்ற வகை ஊக்கம் வேண்டாம். அளவு, வரிசை, எங்கே சறுக்கும் என்பது வேண்டும்.

குறுக்குக்கேள்வி:

ரகசியத்தை முதலில் பேசிவிடுவோம். இதில் தவறினால் மற்றவை எதற்கும் பயனில்லை.

கட்சிக்காரர் சேம்பரில் சொன்னது அவருக்குச் சொந்தம். வழக்கு முடிந்தாலும், வக்காலத்து வேறு கைக்குப் போனாலும், அவரே காலமானாலும் அதைக் காக்கும் கடமை முடிவதில்லை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. ஆளைக் காட்டிக்கொடுப்பது விவரங்களின் சேர்க்கை. இரண்டாம் தாரத்து மகன், அச்சகம் வைத்திருந்தவர், உயிலில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை: இந்த மூன்றும் ஒரே கதையில் வந்தால் அந்தக் குடும்பத்தை அறிந்த எவருக்கும் பெயர் தேவைப்படாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒரு தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் உண்மை வழக்கின் விவரங்களை எழுதுங்கள்: தகராறு என்ன வகை, தரப்பினரின் உறவு, தொழில், வயது, வழக்கைத் திருப்பிய ஆவணம், முடிவு. வலப்பக்கம் கதையில் அவை என்ன ஆகின்றன என்று எழுதுங்கள். தகராறின் வகை, உறவு, திருப்பிய ஆவணம் ஆகிய மூன்றும் கட்டாயம் மாறியிருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் பார்த்த ஒரு தமக்கையின் கசப்பை, கூட்டுவணிகம் முறிந்த இரு நண்பர்களுக்கு நடுவே கொண்டுபோய் வையுங்கள். உணர்ச்சி எந்த வழக்குக்கும் சொந்தமில்லை, அது தாராளமாக இடம் மாறும். வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். மேகச் சேமிப்பில் ஏற்ற வேண்டாம்.

"தீர்ப்பு ஏற்கெனவே வெளியாகியிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். தீர்ப்பில் இருப்பது பொதுவில் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஆஜரான வழக்கில் எதைத் தீர்ப்பில் படித்தீர்கள், எதைக் கட்சிக்காரர் வாயால் கேட்டீர்கள் என்று சில வருடம் கழித்து உங்களாலேயே பிரிக்க முடியாது. ஆகையால் வெளியான தீர்ப்பிலிருந்து கரு எடுப்பதானால் நீங்கள் எந்தத் தரப்பிலும் ஆஜராகாத வழக்காகப் பாருங்கள். அப்போதும் குழந்தைகள், பாலியல் குற்றம், குடும்பநல வழக்குகள் ஆகியவற்றில் அடையாளத்தை வெளியிடப் பல நாடுகளில் தடை உண்டு. அந்த வட்டத்துக்குள்ளேயே போகாதிருப்பது நல்லது.

"இதில் வருவன யாவும் கற்பனையே" என்ற வரி அவதூறு வழக்கிலிருந்து காக்காது. படிப்பவர் இன்னார் என்று நியாயமாகக் கண்டுகொள்ள முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக உங்கள் வழக்கறிஞர் மன்ற விதிகள். அவற்றில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: விளம்பரம் பற்றியது, வேறு தொழில் செய்வது பற்றியது, நிலுவை வழக்கில் கருத்துச் சொல்வது பற்றியது. விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் பாட்காஸ்ட் முன்னுரையில் அலுவலக முகவரியோ "தொடர்புக்கு" என்ற வரியோ இருக்கக் கூடாது. கேட்பவர்கள் சட்டச் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். அதற்குத் தனித்தனியாகப் பதில் போட்டால் வக்கீல்–கட்சிக்காரர் உறவு ஏற்பட்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். கேள்வி அனுப்பியவரின் எதிர்த்தரப்பு உங்கள் பழைய கட்சிக்காரராகவும் இருந்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக வைத்திருங்கள்: இது கதை நிகழ்ச்சி, ஆலோசனைக்கு உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கட்டுக்காகிதம்:

நடைக்கு வருகிறேன். வழக்கறிஞர்களின் முதல் கையெழுத்துப் பிரதிகளில் தவறாமல் தென்படும் கோளாறுகளைச் சொல்கிறேன்.

கதை தரப்பினரின் அறிமுகத்தோடு தொடங்கும். யார், யாருடைய மகன், என்ன சொத்து, எப்போது வாங்கியது என்று மூன்று பக்கம் போன பிறகுதான் யாராவது ஒரு கதவைத் தட்டுவார்கள். பிராதுக்கு அதுதான் முறை, ஏனென்றால் அதைப் படிக்கும் நீதிபதி படிக்கக் கடமைப்பட்டவர். கதை வாசகருக்கு அந்தக் கடமை இல்லை. முதல் மூன்று பக்கத்தை வெட்டித் தனியே வைத்துவிட்டு நாலாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பின்னணியில் உண்மையிலேயே தேவையானது நாலைந்து வரிதான் இருக்கும். அதை உரையாடலுக்கு நடுவே சொருகிவிடலாம்.

அடுத்தது, எதையும் நிரூபிக்காமல் விட மனம் வராது. "அவள் கோபப்பட்டாள். காரணம், முந்தின நாள் அவன் சொன்ன சொல். ஆகவே அவள் தட்டை நகர்த்தினாள்." இதில் தட்டை நகர்த்தியது மட்டும் போதும். கோபத்தையும் காரணத்தையும் வாசகர் தாமே எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில்தான் கதை படிக்கிற இன்பமே இருக்கிறது. ஒரு 600 சொல் காட்சியை எடுத்துக்கொண்டு "ஏனெனில், காரணம், ஆகவே, எனவே, அதனால்" எல்லாவற்றையும் சுழித்து, பாதியை வாக்கியத்தோடு அடியுங்கள். காட்சியின் கடைசிப் பத்தியையும் அடியுங்கள். பெரும்பாலும் அது தொகுப்புரையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, ஐயம் வைத்தே பேசும் பழக்கம். "எனத் தெரிகிறது", "எனக் கூறப்படுகிறது", "ஏறக்குறைய". கதைசொல்லி நேரே பார்த்துச் சொல்கிற இடத்தில் இவை வந்தால் வாசகருக்குத் தரை நழுவும்.

இனி, தொழில் தந்திருக்கும் நல்லதையும் பார்க்க வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் எது நேரடியாக அறிந்தது, எது பிறர் சொல்லித் தெரிந்தது, எது நம்புவது என்று பிரித்துக் காட்டுவோம். தன்மைக் கதைசொல்லலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. பாத்திரத்தின் பெயரில் ஒரு பக்கப் பிரமாணப் பத்திரம் எழுதுங்கள்: இந்த இரவைப் பற்றி அவள் கண்ணால் கண்டது என்ன, காதால் கேட்டது என்ன, தானாக நம்பிக்கொண்டது என்ன. மூன்றாவது வகையில் வருவதெல்லாம் கதையின் எரிபொருள். அவள் நம்புவதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் கதை இருக்கும்.

அதேபோல் தேதிவரிசைப் பட்டியல். கேஸ் கட்டில் வைக்கும் அதே பட்டியல்தான், ஆனால் நான்கு நெடுவரிசையாகப் போடுங்கள்: தேதி, நடந்தது, பாத்திரங்களில் யாருக்குத் தெரியும், வாசகருக்கு எந்த அத்தியாயத்தில் தெரியவரும். நாவலின் இடைப்பகுதி தொய்வதற்குக் காரணம் பெரும்பாலும் நாலாம் நெடுவரிசையில் கிடைக்கும். எட்டு அத்தியாயமாக வாசகருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவந்திருக்காது.

அச்சுமை:

@கட்டுக்காகிதம் சொன்னதோடு நீதிமன்றக் காட்சியையும் சேர்க்கிறேன். வழக்கறிஞர்கள் மிக நம்பிக்கையாக எழுதி மிக மோசமாக வருவது அதுதான்.

உண்மையான குறுக்கு விசாரணை பக்கம் பக்கமாகப் போகும். முக்கால்வாசி, பின்னால் மறுக்க முடியாதபடி அடைப்பு வைக்கும் கேள்விகள். கதையில் 400 முதல் 600 சொல்லுக்குள் முடிய வேண்டும். மூன்று வகைக் கேள்வி போதும். சாட்சி தயங்காமல் ஒப்புக்கொள்ளும் ஒன்று. அந்த ஒப்புதலால் அவர் திரும்பிப் போகும் வழியை அடைக்கும் ஒன்று. பிறகு, கேட்டிருக்கவே கூடாத ஒன்று. மூன்றாவதை யார் கேட்கிறார், ஏன் கேட்காமல் இருக்க முடியவில்லை என்பதில் பாத்திரம் வெளிப்படும். விடை தெரியாத கேள்வியைக் குறுக்கில் கேட்காதே என்பது தொழில் பாடம். கதையில் அந்தப் பாடம் மீறப்படும் இடத்துக்குத்தான் வாசகர் காத்திருக்கிறார்.

கோர்ட்டுக்கு வெளியே உள்ள உரையாடலில் இதற்கு நேர்மாறான சிக்கல். வக்கீல் எழுதும் பாத்திரங்கள் எல்லாம் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்வார்கள், முழு வாக்கியத்தில். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "எப்போ வந்தே?" என்றால் "சாப்பிட்டியா?" என்று பதில் வரும். அந்த விலகலுக்குள் எதையோ மறைக்கிறார்கள்.

நடைமுறை விவரத்தில் எதை மாற்றலாம் என்று கேட்பார்கள். காலத்தைச் சுருக்கலாம். ஆறு வருட வாய்தாவை ஒரு வரியில் தாண்டலாம். வரிசையை மட்டும் குலைக்காதீர்கள்: முதல் விசாரணை, குறுக்கு, மறு விசாரணை (குறுக்குக்குப் பின் சாட்சியை அழைத்த தரப்பே மீண்டும் கேட்பது). அந்த வரிசைக்கு உள்ளேயே வேண்டிய நாடகம் இருக்கிறது. முதல் வாசகர்களாக வக்கீல் அல்லாத மூவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வக்கீல் நண்பரிடம் கொடுத்து நடைமுறைப் பிழை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். அவரும் பிராதைத்தான் தேடுவார்.

வயது பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. தமிழின் முதல் நாவல் 1879இல் அச்சேறியபோது அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஐம்பதைத் தாண்டியிருந்தார். முன்சீபாகப் பணியாற்றியவர். இந்தப் பாதை நமக்குப் புதிதில்லை.

செவிவாசகி:

"முதலில் எழுத்தா ஒலியா" என்பதற்கு என் பதில்: முதலில் எழுத்து, ஆனால் காதுக்கான எழுத்து. பத்திரிகைக்கு எழுதிய கதையை அப்படியே மைக் முன்னால் வாசித்தால் எடுபடாது. தமிழில் அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வக்கீல் நடையில் "சென்று, கண்டு, விசாரித்து, அறிந்து, பின்னர்" என்று எச்சங்கள் அடுக்கி வாக்கியம் பத்தி நீளத்துக்குப் போகும். கண்ணால் படிக்கிறவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒலிக்கு எழுதும்போது வாக்கியத்துக்கு 12 சொல்லுக்கு மேல் போனால் நிறுத்திப் பாருங்கள். இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தால் உடையுங்கள்.

உரையாடலில் "என்றான்" கடைசியில் வருவதால், பேசி முடிக்கும்வரை யார் பேசுகிறார் என்று கேட்பவருக்குத் தெரியாது. அச்சில் மேற்கோள் குறியும் பத்திப் பிரிப்பும் காப்பாற்றும். ஒலியில் பேசுபவரின் செயலை முன்னால் வையுங்கள்: "முருகேசன் கண்ணாடியைக் கழற்றினான். 'இது என் கையெழுத்து இல்லை.'" அதற்குப் பிறகு "என்றான்" கூடத் தேவையில்லை. மூவருக்கு மேல் பேசும் காட்சியை ஒற்றைக் குரல் தொடரில் தவிருங்கள். முதல் எழுத்து ஒன்றாக இருக்கும் பெயர்களும் வேண்டாம். மாலதி, மாதவன், மாரி என்று ஒரே கதையில் வந்தால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதைத் தொடருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கதைசொல்லும் பகுதி எழுத்துத் தமிழ், உரையாடல் பேச்சு என்பது பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் முறை. பிரச்சினை, வாசிக்கும்போது கதைசொல்லும் பகுதியும் தானாகப் பேச்சுக்கு வழுக்கும். ஒரு வரியில் "இருக்கிறது", அடுத்ததில் "இருக்கு". எடிட்டில் இதைச் சரிசெய்ய முடியாது, மறுபடி வாசிக்கத்தான் வேண்டும். இருக்கிறது, வந்துகொண்டிருந்தான், சொல்லிவிட்டாள் போன்ற முப்பது நாற்பது வினைகளை எப்படி உச்சரிப்பது என்று பட்டியல் போட்டு மைக் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தேதி, சர்வே எண், தொகை எல்லாவற்றையும் பிரதியில் எழுத்தால் எழுதுங்கள். வாசிப்பு தடுக்குவது பெரும்பாலும் எண்களில்தான்.

நீளத்துக்கு உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். 500 சொல்லைக் கதை வாசிக்கும் நிதானத்தில் வாசித்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆனால் 20 நிமிட எபிசோடுக்கு 2000 சொல். கோர்ட்டில் ஆவணம் படிக்கும் வேகத்தில் அளந்தால் கணக்கு தவறும்.

ஒலிவடிகட்டி:

கருவியைவிட அறைக்கு முதலில் செலவிடுங்கள். சுவரோடு சுவராகச் சட்டப் புத்தக அலமாரி நிற்கும் அறை எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி கெடுக்கும். அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். தட்டிய பின் ஒரு "கிணிங்" என்று வால் நீண்டால் அந்த அறை இப்படியே ஆகாது. துணி அலமாரியைத் திறந்து அதை நோக்கி உட்காருங்கள், அல்லது பின்னால் கனமான போர்வை தொங்கவிடுங்கள். மைக்கின் முன்பக்கம் உங்கள் வாயையும் அதன் பின்னால் இருக்கும் சுவரையும் கேட்கிறது. ஆகவே உங்கள் முதுகுப்புறச் சுவருக்குத்தான் போர்வை முதலில் தேவை. மின்விசிறி, ஏசி, பக்கத்து அறை ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்தம்.

மைக்: பண்படுத்தாத அறைக்குக் கார்டியாய்டு (முன்பக்க ஒலியை முதன்மையாகப் பிடிக்கும்) டைனமிக் வகை. கண்டென்சர் வகை மைக் நுட்பமாகக் கேட்கும் என்பதாலேயே தெருவையும் சேர்த்துக் கேட்கும். யுஎஸ்பி இணைப்பு உள்ள டைனமிக் மைக் ஒன்று, அசையாத தாங்கி, பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை), மூடிய வகை ஹெட்ஃபோன். தொடங்க இவ்வளவு போதும். வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 செ.மீ. மைக்கை நேரே வாய்க்கு முன்னால் வைக்காமல் 30 முதல் 45 பாகை ஒதுக்கி வையுங்கள். "ப" வரும்போது அடிக்கும் காற்று பக்கவாட்டில் போய்விடும்.

பதிவு: மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி, அரை மணிக்கு 260 எம்பி அளவு. உச்சம் −12க்கும் −6 டெசிபலுக்கும் இடையே நிற்குமாறு கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். 0வைத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய இயலாது. தொடங்கும் முன் 30 விநாடி பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். இரைச்சல் குறைக்கவும், வெட்டிய இடத்தில் ஒட்டுப்போடவும் அது வேண்டும்.

தடுமாறினால் நிறுத்தாமல் ஒரு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அலைவடிவத்தில் கூர்முனையாகத் தெரியும், எடிட்டில் தேட வேண்டியதில்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் "பஞ்ச் அண்ட் ரோல்" வசதியும் இருக்கிறது. பிழையான இடத்துக்குச் சற்று முன்னிருந்து ஒலித்துக்காட்டி அங்கிருந்து மேலே பதியும்.

எடிட் வரிசை முக்கியம். முதலில் வெட்டு. பிறகு இரைச்சல் குறைப்பு, 6 முதல் 10 டெசிபலுக்கு மேல் போகாமல். மிகுந்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். அதன் பின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலைக் குறைக்கும் ஹை-பாஸ், உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் 3:1 அளவில், "ச", "ஸ" சீறினால் டீ-எஸ்ஸர், கடைசியில் உரப்பு சமன்செய்தல். ஸ்டீரியோவுக்கு −16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் உரப்பின் அளவு), மோனோவுக்கு −19, உண்மை உச்சம் −1 டெசிபல் என்பது பரவலான வழக்கம். கம்ப்ரஸருக்குப் பிறகு இரைச்சல் குறைத்தால், மூச்சுக்கு மூச்சு பின்னணி ஏறி இறங்குவது கேட்கும். வெளியீட்டுக்கு எம்பி3, மோனோ, 96 கேபிபிஎஸ் போதும்.

நிழற்சாலை:

இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். கோர்ட்டில் உரக்கப் பேசிப் பழகிய குரல் மைக்கில் கடுமையாக விழுகிறது என்கிறார்கள். அதை எப்படித் தணிப்பது? இன்னொன்று, புனைபெயர் வைத்துக்கொண்டால் ரகசியச் சிக்கல் குறையுமா?

செவிவாசகி:

கோர்ட்டில் கடைசி பெஞ்சுவரை எட்ட வேண்டும் என்று குரல் மார்பிலிருந்து தள்ளப்படும். முக்கியச் சொல்லில் உரக்கும், வாக்கிய முடிவில் விழும். மைக்கில் இரண்டும் கெடுதி. முக்கியமான சொல்லில் குரலை ஏற்றாமல் வேகத்தைக் குறையுங்கள். வினை வாக்கியத்தின் கடைசியில் இருப்பதால் அந்த முடிவு விழுந்தால் பொருளே விழுந்துவிடும். கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பயிற்சிக்கு: மேசைக்கு எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்து ஒரு பக்கத்தைப் பதியுங்கள். அதையே முணுமுணுப்பாகவும் பதியுங்கள். இரண்டையும் கேட்டால் உங்கள் அளவு எங்கே என்று பிடிபடும். வாதம் செய்த நாள் மாலையில் பதியாதீர்கள், தொண்டை காய்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நாக்கின் "டிக்" சத்தம் விழும். காலையில், எழுந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, அரை மணிக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். 45 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வு வேண்டாம். எபிசோடின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு ஆள் வாசித்த மாதிரி ஆகிவிடும்.

குறுக்குக்கேள்வி:

புனைபெயர் பற்றி: குறையாது. எழுதியவர் யார் என்று தெரியாவிட்டாலும் கதையில் வருபவர் யார் என்று தெரிந்தால் கடமை மீறல் மீறல்தான். பாட்காஸ்டில் உங்கள் குரலே இருக்கிறது. சக வக்கீல்களும் கோர்ட் ஊழியர்களும் முதல் நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்.

அச்சுமை:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புனைபெயருக்கு வேறு பயன் உண்டு. தேடுபொறியில் உங்கள் தொழில் பெயரும் கொலைக்கதையும் ஒன்றாக வராது. கட்சிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு "இது என்னைத்தான்" என்று எண்ணும் வாய்ப்பும் குறையும். வைத்துக்கொள்வதானால் பதிப்பாளரிடம் ஒப்பந்தம் சொந்தப் பெயரில் இருக்கட்டும். புனைபெயர் நூல்களுக்குப் பதிப்புரிமைக் காலம் பல நாடுகளில் ஆசிரியர் மறைவிலிருந்து கணக்கிடப்படாமல் வெளியீட்டு நாளிலிருந்து கணக்கிடப்படும், ஆசிரியர் யார் என்பது வெளிப்பட்டிருந்தால் தவிர. வாரிசுகளுக்கு அது முக்கியம்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. பிறர் ஒப்பந்தங்களை நுணுகிப் பார்க்கும் வக்கீல்கள் தம் முதல் நூலுக்கு வந்ததை அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒலி உரிமை யாரிடம் என்று பாருங்கள். பதிப்பாளருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் நாவலை உங்கள் பாட்காஸ்டிலேயே வாசிக்க முடியாது. ராயல்டி அட்டை விலையிலா, நிகர வரவிலா என்று பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. "அச்சில் இல்லை" என்றால் என்ன என்பதற்கு விற்பனை எண்ணிக்கையில் வரையறை கேளுங்கள். மின்னூல் ஒன்று எங்காவது கிடைக்கும்வரை உரிமை உங்களிடம் திரும்பாத நிலை அந்த வரையறை இல்லாததால்தான் வருகிறது. அடுத்த நூலுக்கு முன்னுரிமை கேட்கும் பிரிவு இருந்தால் காலவரம்பு போடுங்கள். இழப்பீட்டுப் பிரிவில் "ஆசிரியரே முழுப் பொறுப்பு" என்று வரும். நீதிமன்றம் இறுதியாக மீறல் என்று முடிவுசெய்த கோரிக்கைகளுக்கு மட்டும் என்று சுருக்கக் கேளுங்கள்.

இன்னொரு பக்கம், பல பத்திரிகைகளும் போட்டிகளும் பாட்காஸ்டில் வந்த கதையை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும். அனுப்ப நினைக்கும் கதையை முதலில் வாசித்துவிடாதீர்கள்.

கட்டுக்காகிதம்:

நேரக் கணக்கு. 60,000 சொல் நாவலுக்கு நாளுக்கு 500 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் 24 வாரம். கோர்ட் விடுமுறையில் மொத்தமாக எழுதிவிடலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் முடிப்பதில்லை. இடைவெளியில் பாத்திரங்களின் குரல் மறந்துபோகும், முதல் வாரம் அதைத் தேடுவதிலேயே போய்விடும். விடுமுறையை ஒலிப்பதிவுக்கு வையுங்கள். ஒரே அறை, ஒரே மைக், ஒரே நாற்காலியில் நாலைந்து எபிசோடு சேர்த்துப் பதிந்தால் ஒலியும் ஒன்றுபோல இருக்கும்.

டிக்டேஷன் பழக்கம் இருப்பவர்கள் அதைக் கைவிட வேண்டாம். அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் வழக்கறிஞராக இருந்து எழுத்துக்கு வந்தவர், நாவல்களைச் சொல்லிச் சொல்லித்தான் எழுதவைத்தார். கைபேசியின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஒற்று மிகும் இடங்களையும் ல, ள, ழ மயக்கத்தையும் பிறகு கையால் திருத்த வேண்டும். ஆனால் டிக்டேஷனில் பழைய மனு நடை கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும். அதனால் உரையாடல்களை மட்டும் சொல்லிப் பதிந்து, மற்றதைக் கையால் எழுதினால் இரண்டும் பிழைக்கும்.

ஒலிவடிகட்டி:

வெளியீடு பற்றிச் சுருக்கமாக. ஒலிக்கோப்புகளை வைத்து வெளியிடும் ஹோஸ்டிங் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்எஸ்எஸ் ஓடை (செயலிகள் உங்கள் எபிசோடுகளைப் பெறும் இணைய முகவரி) உங்களுடையதா, வேறிடம் போனால் 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இடம் மாறும்போது கேட்பவர்கள் எல்லோரையும் இழக்க நேரும். ஓடையில் பதியும் மின்னஞ்சலைப் பிறர் பார்க்க முடியும். அலுவலக முகவரியைக் கொடுக்காமல் இதற்கென்று ஒன்று தொடங்குங்கள். அட்டைப்படம் 3000 × 3000 பிக்சல் சதுரம். கைபேசியில் விரல்நக அளவில் தெரியும் என்பதால் தலைப்புக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

முதல் நாளில் மூன்று எபிசோடு வெளியிட்டு, கையிருப்பில் குறைந்தது ஆறு வைத்திருங்கள். எதிர்பாராமல் நீளும் விசாரணை ஒன்று வந்தால் அந்தக் கையிருப்புதான் தொடரைக் காப்பாற்றும். முடிவில்லாத வாரத் தொடரைவிட 8 அல்லது 10 எபிசோடு கொண்ட பருவமாக அறிவிப்பது தொழிலில் இருப்பவர்களுக்கு ஏற்றது.

பின்னணி இசை: பாடலின் இயற்றலுக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவுக்குத் தனி உரிமை. பழைய கீர்த்தனைக்கு உரிமைக்காலம் முடிந்திருந்தாலும் நேற்று யாரோ பாடிய பதிவை எடுக்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த விடும் பொது உரிமம்) இசையில் "வணிக நோக்கமற்ற" நிபந்தனை இருந்தால், விளம்பரமோ சந்தாவோ வந்த அன்றே சிக்கல். உரிமப் பக்கத்தைத் தேதியோடு பிடித்து வையுங்கள், பின்னாளில் அந்தப் பக்கம் மாறலாம். நண்பர்கள் குரல் கொடுத்தால் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ குரல் நகலுக்கோ பயன்படுத்தமாட்டோம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

நிழற்சாலை:

கடைசியாக ஒன்று. எல்லாம் பார்த்துச் செய்தும், வெளியான எபிசோடில் தன்னை அடையாளம் காட்டியதாக ஒருவர் எழுதினால் என்ன வரிசையில் செயல்படுவது?

குறுக்குக்கேள்வி:

உடனே விளக்கம் எழுதாதீர்கள். "இது உங்களைப் பற்றியது அல்ல, உங்கள் வழக்கில் நடந்தது வேறு" என்று ஒரு வரி எழுதினாலே ரகசியத்தை நீங்களே உடைத்தவராகிறீர்கள். அவர் உங்கள் கட்சிக்காரராக இருந்தவர் என்பதைக்கூட ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கூடாது. "உங்கள் செய்தி கிடைத்தது, பரிசீலிக்கிறேன்" என்று மட்டும் அனுப்புங்கள். எபிசோடைத் தற்காலிகமாக எடுத்துவையுங்கள். மூல ஒலிக்கோப்பு, பிரதியின் முந்தைய வடிவங்கள், வெளியான தேதி எல்லாவற்றையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். தொழில்முறைக் காப்பீடு இருந்தால் உரிய காலத்துக்குள் அவர்களுக்குத் தெரிவியுங்கள். பல பாலிசிகள் தாமதமானால் ஏற்கமாட்டா. புனைகதை வேலையை அந்தப் பாலிசி ஏற்கிறதா என்பதைத் தொடரின் முதல் எபிசோடுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். பதிலை இன்னொரு வழக்கறிஞர் எழுதட்டும்.

ஒலிவடிகட்டி:

தொழில்நுட்பப் பக்கம்: எபிசோடை நீக்காமல் "வெளியிடாத" நிலைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தரவிறக்கியவர்களிடம் பழைய கோப்பு இருக்கும், அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. திருத்தி மறுபடி ஏற்றும்போது பதிவின் ஜியுஐடி அடையாள எண் அதேயாக இருக்கட்டும். மாறினால் பல செயலிகளில் புதிய எபிசோடு வந்ததாக அறிவிப்பு போய், கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள். கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள். இல்லையேல் இடைநிலைச் சேமிப்புகள் பழைய ஒலியையே தந்துகொண்டிருக்கும். மாற்றிய பின் புதிதாக ஒரு கைபேசியில் தரவிறக்கி, வெட்டிய இடத்தை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.